வாரத்தில் இரண்டு மணி நேரம்!



"டாக்டரே கைவிட்ட ஆளு. அவர் பக்கத்துல போய் உட்கார்ந்து என்ன ஆகப்போவுது?" என்று விடுதியில் ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் சம்பளம் வாங்காமல், விளம்பரம் தேடாமல், சாகப்போகிறவர் பக்கத்தில் போய் உட்காருகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களே, ஏன்?

புண்ணியத்துக்கு என்பார் சிலர். பொழுது போகாமல் என்பார் சிலர். இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே வேலை கிடக்கிறது, செய்ய ஆள் இல்லை. இதைக் கண்ணால் பார்த்தவர்களே போகிறார்கள் என்பேன்.

1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பைஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரே முதலில் ஒரு தொண்டர்தான். 1940-களின் கடைசியில் மாலை நேரங்களில் இறக்கும் நிலையில் இருந்தவர்களுக்குப் பணிவிடை செய்யப் போனார். அங்கே பார்த்த வலிதான் அவரைப் பிறகு மருத்துவம் படிக்க வைத்தது.

அவ்வளவு தூரம் எதற்கு? பக்கத்திலே கேரளத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பிறகு ஊர் ஊராகப் பரவியது. வாரத்தில் இரண்டு மணி நேரம் தரமுடிந்த யாரும் சேரலாம் என்றார்கள். 16 மணி நேர வகுப்பு, நான்கு நாள் நோயாளிகளோடு பயிற்சி, அவ்வளவுதான். 2008-ல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. முதலில் வந்தது ஜனங்கள், பின்னால் வந்தது அரசாங்கம்!

என் தாத்தாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். "இனி செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். செய்ய ஒண்ணுமில்லையா? புண்ணைத் துடைக்கணும். புரட்டிப் படுக்க வைக்கணும். ராத்திரி முனகும்போது கையைப் பிடிச்சுக்கணும். அம்மா நான்கு மாதம் கூலி வேலைக்குப் போகவில்லை. உறவுக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கால்மணி நேரத்தில் கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்லலை. என்ன பேசுறதுன்னு அவங்களுக்குத் தெரியல. மருந்துச் சீட்டைப் படிக்க வீட்டில் நான் ஒருத்தன்தான். வாரத்தில் ஒரு நாள், தெரிந்த ஆள் ஒருத்தர் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அம்மா கண்ணயர்ந்திருப்பார். தாத்தாவும் எங்களிடம் சொல்லாத பயத்தை அவரிடம் சொல்லியிருப்பார்.

"அரசாங்கம் செய்யவேண்டியதை நாம ஏன் இலவசமா செய்யணும்?" என்று கேட்கலாம். டாக்டர், நர்ஸ், வலி மருந்து எல்லாம் அரசாங்கம்தான் தரணும். அதைக் கேட்டு வாங்குவோம். 2021-ல் நம் மாநிலத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோயின் வேதனையைத் தணிக்கும் சேவையும் சேர்க்கப்பட்டது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சைக் கேள் என்று யாருக்கும் அரசாணை போட முடியாது. அது மனுஷனுக்கு மனுஷன் செய்வது.

நம் கையில் தொழிலும் இருக்கிறது நண்பர்களே! கட்டிலுக்கு ஒரு சாய்மானம் வெல்டிங் வைக்க மெக்கானிக்கல் மாணவனுக்கு ஒரு சாயங்காலம் போதும். சக்கர நாற்காலியின் பிரேக்கைச் சரிசெய்யலாம். உதவித்தொகை மனு எழுதித் தரலாம். எழுத்து தெரியாத வீட்டிலிருந்து வந்த நமக்குத்தான் அந்த மனுவின் அருமை தெரியும்.

எல்லோரும் வரவேண்டாம். பயப்படுகிறவர்கள் சாய்மானம் செய்து கொடுங்கள். வரமுடிந்தவர்கள் பத்துப்பேர் பெயர் கொடுத்தால் போதும். வரும் கல்வியாண்டில் நம் மாணவர் பேரவையே மாவட்ட மருத்துவமனையில் பேசிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யட்டும். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது பெயர் யாருடையது?