பாமாயிலும் பொதுஜன வாக்கும்

ஓர் எண்ணெயின் மீதுள்ள சுங்கத் தீர்வையைக் குறைக்கலாமா, கூடாதா என்ற கேள்வியை மந்திரிகளிடமும் வியாபாரிகளிடமும் விட்டுவிடாமல், ஒரு தேசத்தின் ஜனங்களே வாக்களித்துத் தீர்மானித்தார்கள் என்றால் நம் அங்கத்தினர்களில் பலர் வியப்படையக்கூடும். 2021 மார்ச் 7 அன்று ஸ்விட்ஸர்லாந்தில் இவ்வாறே நடந்தது. ஆதரவாக 100க்கு ஏறக்குறைய 52 பேரும், எதிராக 48 பேரும் வாக்களித்தனர். தொலைதூரத்து இரு தேசங்களின் வியாபார உடன்படிக்கை நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள், தங்கள் குடும்ப அட்டைக்கு ரேஷன் கடையில் மாதந்தோறும் வாங்கும் எண்ணெய் எது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன், நார்வே, ஸ்விட்ஸர்லாந்து ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய சுதந்திர வர்த்தகச் சங்கம், இந்தோனேஷியாவுடன் 2018 டிசம்பர் 16 அன்று ஜகார்த்தாவில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஸ்விஸ் நாட்டாரின் கடிகாரங்கள், இயந்திரங்கள், மருந்துகள், பாலாடைக் கட்டி முதலியன இந்தோனேஷியாவுக்குள் எளிதில் நுழைய வேண்டும்; அந்நாட்டின் கைத்தொழில் சரக்குகள் ஸ்விட்ஸர்லாந்துக்குள் தீர்வையின்றி வர வேண்டும். இவற்றில் பெரிய சச்சரவு எதுவும் எழவில்லை. சச்சரவெல்லாம் பாமாயிலைப் பற்றியே எழுந்தது. அதன் தீர்வையை முற்றிலும் நீக்கவில்லை. 20 முதல் 40 சதவிகிதம் வரை குறைத்தார்கள். அந்தச் சலுகையும் ஆண்டுக்கு 10,000 டன்னில் தொடங்கி, ஐந்தாண்டில் 12,500 டன்னை எட்டும் அளவுக்கு மட்டுமே. இந்தோனேஷியா விளைவிக்கும் கோடிக்கணக்கான டன்னுக்கு முன் இது ஒரு கைப்பிடி அளவுதான்.

ஆயினும் அந்தக் கைப்பிடி எண்ணெய்க்காக ஜெனீவாவைச் சேர்ந்த ஒரு திராட்சை விவசாயி முன்னின்று இயக்கம் நடத்தினார். அந்நாட்டுச் சட்டப்படி 100 நாட்களுக்குள் 50,000 பிரஜைகளின் கையெழுத்து சேர்ந்துவிட்டால், பாராளுமன்றம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தமும் பொதுஜன வாக்குக்குச் சென்றே தீர வேண்டும். கையெழுத்துகள் சேர்ந்தன. காடுகளை அழித்து விளையும் எண்ணெய்க்குச் சலுகை ஏன், எங்கள் ராப்ஸ் விதைக்கும் சூரியகாந்திக்கும் கதி என்ன என்று எதிர்ப்பாளர்கள் கேட்டனர். யூனிடெர் என்ற சிறு விவசாயிகள் சங்கம் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் அந்நாட்டின் பெரிய விவசாயிகள் சங்கமோ ஒப்பந்தத்தை ஆதரித்தது. ராப்ஸ் எண்ணெய்க்குப் பங்கம் வராத அளவில் சலுகை நின்றுவிட்டதென்பது அதன் திருப்தி. விவசாயிகளுக்குள்ளேயே இவ்வாறு இரு கட்சிகள் ஏற்பட்டதை நாம் குறையாகக் கருதவில்லை. அபிப்பிராய பேதம் இல்லாத மகாசபைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் கண்டால் நமக்குச் சந்தேகமே உண்டாகும்.

வாக்கைத் திருப்பியது ஒரு ஷரத்து என்று சொல்லலாம். காட்டை அழிக்காமலும் தொழிலாளரை வருத்தாமலும் விளைவிக்கப்பட்டது என்று அத்தாட்சி பெற்ற பாமாயிலுக்கே குறைந்த தீர்வை கிடைக்கும். அந்த எண்ணெய் மற்ற எண்ணெயுடன் கலவாமல் தனித்தே வர வேண்டும். கப்பலின் பெருந்தொட்டியில் கொட்டி வரக்கூடாது. 22 டன்னுக்கு மேற்படாத கொள்கலன்களில் வர வேண்டும். தீர்வைச் சலுகையை விளைவித்த முறையோடு பிணைத்த இந்த ஏற்பாடு மிகவும் புதுமையானது. கொள்கை அளவில் இதனை நாம் முழுமனதுடன் வரவேற்கிறோம். வாங்குபவன் விலையை மட்டும் பார்க்காமல், பொருள் வந்த வழியையும் கேட்பது நியாயமே. கைத்தறியென்று விசைத்தறித் துணியை விற்பதைக் கண்டு மனம் நொந்த நெசவாளருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியே காலம் கழிக்கும் எம்மைப் போன்றோர்க்கு உடனே ஒரு கேள்வி எழுகிறது. இந்த அத்தாட்சியின் செலவு யார் கணக்கில் பற்று எழுதப்படுகிறது?

இந்தோனேஷியாவின் பனைத் தோட்டங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு நிலம் சிறு விவசாயிகளுடையது. பெரும்பாலோரிடம் இருப்பது சில ஹெக்டேர்தான். குலை வெட்டிய பின் ஏறத்தாழ ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் காயில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெட்டுவிடும். ஆகவே அவன் அருகிலுள்ள ஆலைக்கே கொடுத்தாக வேண்டும். விலை பேச நேரமில்லை. கரும்பு விளைவிப்போர் இந்தச் சங்கடத்தை நன்கு அறிவர். இத்தகையவன் தனியே நின்று நிலத்தின் எல்லையை அளந்து, உரத்திற்கும் மருந்துக்கும் கணக்கு எழுதி, சோதகர் வரும்பொழுது காட்டி, கட்டணமும் கட்டுவது நடவாத காரியம். கலப்பு கூடாது என்பது விதியானால், அத்தாட்சி இல்லாதவனின் குலையை அந்த ஆலை வேறாகப் பிரிக்க வேண்டும் அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். தீர்வை குறைவதால் வரும் லாபமோ ஸ்விஸ் நாட்டில் சுங்கம் கட்டும் இறக்குமதியாளர் கைக்கே முதலில் போய்ச் சேருகிறது. அதில் ஒரு பங்கு சுமாத்ராவின் சிறு விவசாயிக்கு இறங்கி வரும் என்பதற்கு வழி வகுக்கப்படவில்லை என்பதே நம் குறை.

இந்த இடத்தில் கூட்டுறவு முறைதான் துணை நின்றிருக்கிறது. பெருந்தோட்டத்தைச் சுற்றிக் குடியேற்றப்பட்ட சிறு விவசாயிகளுக்காக அங்கே கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. குலையைச் சேர்ப்பதும், ஆலையிடமிருந்து பணம் பெற்றுக் கடன் தவணையைக் கழித்துக்கொண்டு பட்டுவாடா செய்வதும் அவற்றின் வேலை. பெருந்தோட்டத்தைச் சாராத சுதந்திரச் சிறு விவசாயிகளும் ரியாவ் மாகாணத்தில் ஒரு சங்கமாகக் கூடி, 2013 இல் அந்நாட்டில் முதன்முதலாகத் தொகுப்பு அத்தாட்சி பெற்றனர். ஒருவனால் எழுத முடியாத கணக்கைச் சங்கத்தின் குமாஸ்தா எழுதினார். ஒருவனால் தாங்க முடியாத கட்டணத்தைப் பலர் பகிர்ந்துகொண்டனர். ஆயினும் தணிக்கை செய்வோர் என்ற முறையில் ஒன்று கூறுவோம். பேரேட்டில் எழுதியிருப்பதும் தோட்டத்தில் இருப்பதும் ஒன்றே என்று காண்பதற்குத் தோட்டத்துக்கே நடந்து செல்ல வேண்டும். மேஜையருகில் முடிக்கும் தணிக்கையைப் பற்றி எதிர்ப்பாளர்கள் எழுப்பிய ஐயத்தை நாம் அலட்சியம் செய்ய முடியாது.

நெசவாளர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஒப்பந்தம் 2021 நவம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. இந்தோனேஷியத் துணிகளுக்கும் காலணிகளுக்கும் தீர்வையில்லை என்பது அந்நாட்டார் பெற்ற வாக்குறுதிகளில் ஒன்று. ஆனால் 2024 ஜனவரி 1 முதல் ஸ்விட்ஸர்லாந்து எல்லா நாடுகளின் கைத்தொழில் சரக்குகளுக்கும் தீர்வையை அடியோடு நீக்கிவிட்டது. பேரம் பேசி வாங்கிய சலுகை, பேரமே பேசாதவர்க்கும் கிடைத்தது. இதற்கு ஈடாக இந்தோனேஷியா கொடுத்த சலுகைகளோ அப்படியே நிற்கின்றன.

அதே நான்கு நாடுகளுடன் இந்தியாவும் 2024 மார்ச் 10 அன்று ஒப்பந்தம் செய்துகொண்டது. 2025 அக்டோபர் 1 முதல் அது அமலில் உள்ளது. ஸ்விட்ஸர்லாந்தில் இதற்குப் பொதுஜன வாக்கு கோரப்படவில்லை. நம் தேசத்தில் அத்தகைய வழக்கமே கிடையாது. ஒப்பந்தம் செய்வது அரசாங்கத்தின் நிர்வாக அதிகாரத்தைச் சேர்ந்தது. பாலும் பால் பொருள்களும் சலுகையிலிருந்து விலக்கப்பட்டிருப்பது நமக்கு ஆறுதல். எனினும் நமது துணிக்கு அங்கே கிடைக்கும் தீர்வையின்மை, மேலே சொன்ன காரணத்தால், புதிய லாபம் ஆகாது என்பதை ஏற்றுமதியை எண்ணியிருக்கும் நெசவாளர் சங்கங்களின் நிர்வாகிகள் கவனிக்க வேண்டும். எதிர்காலத்தில் பஞ்சு விளைந்த வயல், சாயம் தோய்த்த தொட்டி, நெய்த தறி ஆகியவற்றுக்கு அத்தாட்சி கேட்டு வெளிநாட்டார் வரலாம். அப்பொழுது சாயப் பதிவேடும் நூல் இருப்புப் பதிவேடும் நாள்தோறும் எழுதப்பட்டிருக்கும் சங்கங்கள் எத்தனை என்பது நாம் சோதனைக்குச் செல்லும்பொழுது அறிந்த விஷயம். அதைப் பத்திரிகையில் எழுத விரும்பவில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இவ்விரு பதிவேடுகளையும் மேஜைமீது வைக்கச் சொல்லி அங்கத்தினர்கள் கேட்கலாம். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.