படை போச்சு, இணைப்பும் போச்சு

திருச்சி ஏர்போர்ட் பக்கம் போறப்ப கொட்டப்பட்டு மறுவாழ்வு முகாமைப் பார்த்திருப்பீங்க. அங்க இருக்கிற ஈழத்தமிழர்களோட வடக்கும் கிழக்கும் ஒருகாலத்துல ஒரே மாகாணம், தெரியுமா?

1987 ராஜீவ்–ஜெயவர்த்தனா ஒப்பந்தம். இந்திய அமைதிப்படை அங்க நிக்கும்போதே, 1988-ல இணைப்பு வந்துச்சு. ஆனா நாடாளுமன்றச் சட்டமா வரல. அவசரகால விதியை வெச்சு ஜனாதிபதி போட்ட வெறும் பிரகடனம்! கிழக்குல வாக்கெடுப்புன்னாங்க, தள்ளித் தள்ளியே வெச்சாங்க. 1990 மார்ச்ல படை திரும்பிடுச்சு. ஆயிரத்துக்கும் மேல நம்ம ஜவான்கள் உயிர் போச்சு. அங்க செத்த தமிழர் கணக்கு தனி.

2006-ல ஜே.வி.பி. ஆதரவு மனுக்கள் மேல இலங்கை உச்ச நீதிமன்றம் இணைப்பு செல்லாதுன்னு சொல்லிடுச்சு. துப்பாக்கி காவல் நின்ன இணைப்பு, ஒரு தீர்ப்புல காலி.

அதே ஜே.வி.பி.யோட அநுர இப்ப ஜனாதிபதி. 225-ல 159 இடம் அவங்க கூட்டணி கையில. அன்னிக்கு படை அனுப்பின டெல்லி, இன்னிக்கு ஒரு இணைப்புச் சட்டம் கொண்டு வாங்கன்னு வாய் திறந்து கேட்குமா?