ஆகாயத்தில் ஒருவருக்கொருவர் இடம் விடுவோம்

சக போட்டியாளர்களுக்கும், குழந்தைகளுடன் மைதானத்துக்கு வந்து கண்டுகளிக்கும் பொதுஜனங்களுக்கும், ரேடியோ கிளைடர் பறப்பில் ஈடுபட்டுள்ள நாங்கள் வணக்கத்துடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம் இது.

சர்வதேச விமானப் பறப்புச் சம்மேளனத்தின் விதிகளில் எஃப்5ஜே என்று குறிக்கப்படும் போட்டியில், 4 மீட்டர் வரை இறக்கை விரிந்த கிளைடர்கள் ஒரே சமயத்தில் கையை விட்டெழுந்து, 30 விநாடிக்கு மேற்படாமல் மோட்டாரின் துணையால் உயரம் பெற்று, பிறகு தெர்மல் எனப்படும், வெப்பக்காற்று மேலெழும் இடங்களைத் தேடித் திரிந்து, 10 நிமிஷம் முடியும் தறுவாயில் தத்தமக்குரிய இறங்குபுள்ளிகளை நோக்கித் திரும்புகின்றன. புள்ளியிலிருந்து 1 மீட்டருக்குள் நின்றால் 50 மதிப்பெண் கிடைக்கும். ஆகவே எழும்போதும் இறங்கும்போதும், நல்லதொரு தெர்மல் அகப்பட்ட போதும், அனைவரும் ஒரே இடத்தில் கூடுவது இப்போட்டியின் சுபாவத்திலேயே அமைந்துவிட்டது. ஒரே அலைவரிசையில் இருவர் டிரான்ஸ்மிட்டரைத் திறக்கலாகாது என்றிருந்த பழைய கட்டுப்பாடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சாதனங்கள் வந்தபின் அவசியமற்றுப் போயிற்று. அதனால் விளைந்த சௌகரியம் பெரிது, வானத்தின் நெரிசலும் பெரிது.

மோதல்களுக்கெல்லாம் அஜாக்கிரதையே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. தரையில் நிற்பவனுக்கு, நூற்றுக்கணக்கான மீட்டர் தொலைவில் சுழலும் இரண்டு கிளைடர்களில் எது முன்னே, எது பின்னே என்பதை நிதானிக்கும் ஆற்றல் மிகவும் குறைவு. அவ்வளவு தூரத்தில் இரு கண்களும் சேர்ந்து ஆழத்தை அளந்து சொல்வதில்லை. ‘அது என்னுடையதற்கு வெகு அப்பால் இருக்கிறது’ என்று கை தேர்ந்தவரும் நிச்சயமாக நம்பிக்கொண்டிருக்கையிலேயே இறக்கைகள் உராய்ந்துவிடுகின்றன. கண் கைவிடும் இடத்தில் வாய்தான் உதவ வேண்டும் என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம்.

ஆதலால், பக்கத்தில் நிற்கும் உதவியாளர் ஸ்டாப் வாட்சில் மாத்திரம் லயித்திராமல், நெருங்கி வரும் பிற கிளைடர்களைக் கவனித்து, ‘இடப்பக்கம், நம் உயரம்’ என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். தெர்மலில் முதலில் புகுந்தவர் எத்திசையில் சுழல்கிறாரோ, பின்வருபவரும் அத்திசையிலேயே சுழல வேண்டும். மனிதர் ஏறிச் செல்லும் கிளைடர்களில் நெடுநாளாக அனுஷ்டிக்கப்படும் இவ்வழக்கத்தை நாம் அலட்சியம் செய்வதற்குக் காரணம் எதுவுமில்லை. இறங்கும் வேளையில் அடுத்தவரின் பாதையைக் குறுக்கே வெட்ட நேருமாயின், அந்த 50 மதிப்பெண்ணைத் துறந்துவிடுங்கள். மோதலுக்குள்ளானவருக்கு மறுபறப்பு அளிக்க விதியில் இடமுண்டு என்பது மெய்யே. ஆயினும் பல மாத இரவுகளில் ஒருவர் தம் கையால் இழைத்த இறக்கையை எந்த விதியும் மீட்டுத் தராது.

அதைவிடக் கவலைக்குரியது கீழே நிற்பவர்களின் க்ஷேமம். கார்பன் நாரால் ஆன முறிந்த தண்டு உயரத்திலிருந்து விழுமானால் தலையைப் பிளக்கவும் கூடும். மோதல் நிகழ்ந்தால் உடனே கூவி அனைவரையும் எச்சரித்து, கட்டுக்கடங்கும் வரையில் கிளைடரை ஜனங்கள் இல்லாத பக்கமாகத் திருப்புங்கள். பார்வையாளர்களும் கயிற்றுக்கு உட்பட்ட பகுதியில் நுழையாமல், சிறுவர்களைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு, எச்சரிக்கைக் குரல் கேட்டதும் வானத்தை நோக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

போட்டி தொடங்குமுன் நடக்கும் பைலட்டுகள் கூட்டத்துக்குப் பலர் தாமதமாக வருகிறார்கள், சிலர் வருவதேயில்லை. இறங்கும் திசையும் பறக்கலாகாத எல்லையும் அங்கேதான் அறிவிக்கப்படுகின்றன. இனி உதவியாளர்களையும் உடனழைத்துக்கொண்டு தவறாமல் வந்து சேருங்கள்.