படலை தட்டும் இளைஞர்

பிறேசில் நாட்டின் சாவோ பாவுலோ மாநகரிலே, வெண்சட்டையும் கழுத்துப்பட்டியும் கறுப்புப் பெயர்ச்சின்னமும் அணிந்து, இருவர் இருவராக வீடுவீடாய்ச் செல்லும் மோர்மன் சமய ஊழியரை நாம் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெரும்பாலோர் 18 வயது கடந்த இளையோர். ஊழியக் காலம் ஆடவர்க்கு 24 மாதம். பெண்டிர்க்கு 18 மாதம். சம்பளம் இல்லை, செலவின் பெரும்பங்கைத் தாமும் குடும்பத்தாருமே சுமக்கின்றனர். அயல்நாட்டிலிருந்து வருவோர் போர்த்துக்கேய மொழியைக் கற்றே மக்களை அணுகுகின்றனர். காலையிற் படிப்பு, பின்னர் இரவுவரை தெருவும் படிக்கட்டும். பல கதவுகள் திறப்பதேயில்லை. வாரத்தில் ஒரு பகலே உடை தோய்க்கவும் பொருள் வாங்கவும் வீட்டுக்கு எழுதவும் உரியது.

பெற்றோருடன் வாரந்தோறும் தொலைபேசியிற் பேசும் அனுமதி 2019ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. இளையோரை இத்துணைக் கட்டுப்பாட்டில் வைத்தல் முறையோ என்று கேட்போர் உளர். அக்கேள்வி நியாயமானதே. அவர்தம் கோட்பாடும் நமக்கு உடன்பாடன்று.

ஆயினும், தேர்தல் வந்தால் மட்டும் மக்களின் படலையைத் திறக்கும் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளவே வேண்டும். கொள்கையை மேடையிலே முழங்கலாம். அது வேரூன்றுவது வீட்டு வாசலிலேதான். இந்த வாரம் நாம் எத்தனை படலைகளைத் தட்டினோம்?