சுவாமிக்கு ஆதார் இல்லையே!

கேள்வி: அப்பா காலத்திலிருந்து கோயில் நிலம் இரண்டு ஏக்கர் சாகுபடி செய்கிறோம். தனி அடையாள எண் பதிய முகாமுக்குப் போனால், ‘உங்கள் பெயரில் பட்டா இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சம்பா நெல்லை எங்கே போடுவது?
– குத்தகை விவசாயி, திருவிடைமருதூர் வட்டம்

பதில்: முகாமில் சொன்னது பொய்யில்லை. பட்டாவையும் ஆதாரையும் கோத்துத்தான் அந்த எண் தருகிறார்கள். உங்கள் நிலத்தின் பட்டா சுவாமி பெயரில்; சுவாமிக்கு ஆதார் ஏது? காகிதத்தில் விட்டுப்போன பெயர் கம்ப்யூட்டரிலும் வராது. பி.எம். கிசான் 2,000 ரூபாய் உங்களுக்கு வராததும் இதனால்தான். பாடுபடுகிறவர் யார் என்று கேட்காத திட்டம் அது.

நெல்லுக்கு வழி உண்டு. நீங்கள்தான் சாகுபடி செய்கிறீர்கள் என்று வி.ஏ.ஓ.விடம் சான்றும், இந்தப் பசலி அடங்கலும் வாங்கி, ஆதார், வங்கிப் புத்தகத்தோடு கொள்முதலுக்குப் பதியுங்கள். சர்வே எண், பரப்பு, பெயரின் எழுத்து மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். அறுப்பு மெஷின் வயலில் இறங்கிய பிறகு ஓடினால், நெல் களத்தில் நனையும். அவசரத்துக்கு அடுத்தவர் சிட்டாவில் போடவே வேண்டாம்; பணம் அவர் கணக்குக்குப் போகும், பிறகு அவர் தயவு.

பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். கோயில் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். 1969ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று தாலுகா ஆபீசில் கேளுங்கள். இல்லையென்றால் ரசீது நகல்களோடு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.