கொழுப்பின் மேற் சுமத்தப்படும் பழி

விழா மலருக்கு இலக்கியமோ சமயமோ எழுதுவதே தமிழாசிரியர்க்கு மரபு. எனினும், நம் பழைய மாணவர் கூடுமிடங்களில் பள்ளி நினைவுகளுக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் பொருள் கொலஸ்திரோலே என்பதை யாவரும் அறிவர். நாற்பதைக் கடந்து வயிறு பருத்தோர் கூறும் தீர்ப்பும் பெரும்பாலும் ஒன்றே: தேங்காயை விட்டுவிட்டோம், மீனைக் குறைத்துவிட்டோம், விற்றமின் குளிசை எடுக்கின்றோம் என்பர். இத்தீர்ப்பிற் பெரும்பகுதி பிழையென்பது என் துணிபு.

நம் வடமேல் மாகாணம் உட்பட ஏழு மாகாணங்களில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 4,500 பேரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஆசிய மக்களுக்கென வகுத்த அளவுகளின்படி, நூற்றுக்கு 25.2 பேர் மிகை எடையினர், 9.2 பேர் உடற்பருமன் உடையோர். நால்வருள் மூவரின் இரத்தக் கொழுப்பில் ஏதேனுமொரு சீர்கேடு காணப்பட்டது. அவற்றுள் முதலிடம் பெற்றது எது? நல்ல கொழுப்பெனப்படும் எச்.டி.எல். குறைந்திருத்தலே. ஏறத்தாழப் பாதிப்பேர் அக்குறையுடையோராயிருந்தனர்.

இக்குறை தேங்காயால் மட்டும் விளைவதன்று. தேங்காயெண்ணெய் தீய கொழுப்பாகிய எல்.டி.எல்.ஐக் கூட்டும் என்பது மெய்யே; ஆயின் அஃது எச்.டி.எல்.ஐயும் ஓரளவு கூட்டும். நமது முதன்மைக் குற்றவாளி, மூன்று வேளையும் குவியும் தீட்டிய அரிசிச் சோறும், பாணும், கோதுமை மா றொட்டியும், தேநீரிற் கரையும் சீனியுமே. உடலுழைப்பாற் செலவாகாத மாப்பொருளை ஈரல் திரைகிளிசரைட்டாக மாற்றி இரத்தத்தில் விடுகின்றது. அது மிக, எச்.டி.எல். தாழ்கின்றது, எல்.டி.எல். துணிக்கைகளும் சிறுத்து அடர்ந்து, எளிதில் ஒட்சியேற்றம் அடைவனவாகின்றன. அங்ஙனம் கெட்ட துணிக்கைகளே நாடியின் சுவரிற் படிந்து வழியை அடைப்பன.

இவ்விடத்தே இன்னுமொரு விந்தையுண்டு. ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் விற்றமின் ஈ, கரோட்டீன் முதலியன கொழுப்பிற் கரைவன. பருத்த உடலில் அவை கொழுப்பிழையத்துட் சென்று தங்குவதால், இரத்தத்தில் அவற்றின் அளவு குறைந்தே காணப்படும். தேவையோ பிறரினும் அதிகம், கையிருப்போ குறைவு. உடல் பெருத்தும் உள்ளே வறுமை!

அங்ஙனமாயின் குளிசையை விழுங்கினாலென்ன என்பீர். பின்லாந்து நாட்டிற் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீற்றா கரோட்டீன் குளிசை உண்டோரிடம் நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு வீதம் கூடியது. இலையிலும் காயிலும் பலவற்றோடு கலந்திருக்கும்போது நன்மை செய்வது, பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்தபோது அவ்வாறே செய்யுமென்பதற்கு உறுதியில்லை. (வைத்தியர் விதித்த கொழுப்புக் குறைப்பு மருந்தை நான் குறித்தேனல்லேன், அதனை விடுதல் அறிவீனம்.) வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயரையேனும் கூறவில்லை, பெரும்பகுதியும் உண்ணும் அளவைப் பற்றியே கூறினார்.

இனி மாம்புரியைப் பாருங்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளக் களப்பு. இடையிலுள்ள மணற்பரப்பிற் கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் விளைவிக்கின்றனர். விளைந்தன லொறியேறி வெளியூர் போகின்றன. எதிரே பாணும் பணிசும் ஏற்றிய முச்சக்கர வண்டி இசை முழக்கி ஊருக்குள் வருகின்றது. பண்டமாற்றில் நாமே தோற்றோம். சாளையும் சூடையும் மலிவான மீன்கள். அவற்றின் எண்ணெய் திரைகிளிசரைட்டைக் குறைக்கும் இயல்புடையது. அவற்றைக் குறைத்து விசுக்கோத்து உண்பதை எவ்வாறு பத்தியமென்பது? பொரித்தெடுத்த எண்ணெயிலேயே மீண்டும் மீண்டும் பொரிப்பதும் ஆகாது. சூடேறச் சூடேற எண்ணெய் தானே ஒட்சியேற்றமடையும். குழம்பாகவோ அவியலாகவோ உண்பதே நன்று.

மரக்கறி விலையேறிவிட்டதென்பது பொய்யன்று. ஆயினும் வேலியோர முருங்கைக்கு எவரும் விலைச்சீட்டுக் கட்டவில்லை. வல்லாரைச் சம்பலும், பொன்னாங்காணி வறையும், காலையில் ஒரு கோப்பை இலைக்கஞ்சியும் ஏழைக்கும் எட்டுவன. இவற்றை ஏழையின் உணவென்று ஒதுக்கும் மனப்பான்மையே பெருந்தடை.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். யூபிலி நிதியிற் கட்டடத்துக்கும் வளைவுக்கும் பங்கிடுவோர், கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பாராக. மென்பானங்களின் சீனியளவை நிறத்தாற் காட்டும் விதி 2016 முதல் இந்நாட்டிலுண்டு. நூறு மில்லிலீற்றரிற் பதினொரு கிராமுக்கு மேற்பட்டாற் சிவப்பு. அச்சிவப்புப் போத்தல் எதுவும் நம் பிள்ளைகளுக்கு விற்கப்படலாகாது. அவ்விடத்தில் அவித்த கடலையும் இலைக்கஞ்சியும் வைக்கப்படல் வேண்டும். குத்தகைக்காரருக்கு நட்டமேற்படின் முதலாண்டு அதனைச் சங்கமே ஏற்கலாம். விழாவன்று நடைபெறும் மதிய விருந்திலும் தீட்டாத சிவப்பரிசிச் சோறும், இருவகைக் கீரையும் இடம்பெறல் வேண்டும். பட்டியல் இன்னும் அச்சேறவில்லை என அறிகின்றேன்.