கூண்டை நகர்த்துவோம்



துறையூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். ஊரை ஒட்டிப் புதிதாகப் பிரித்த மனையில் வீடு கட்டிக் குடிவந்தவர். பன்னிரண்டு பெட்டைக்கோழிகளும் மூன்று சேவல்களும் வளர்க்கிறார். பக்கத்து வீட்டில் ஒரு செவிலியர். அக்கா, அக்கா என்று இவர் அழைக்க, குழம்பும் ரசமும் சுவர் மேலாகவே கை மாறிக்கொண்டிருந்த பழக்கம். சில மாதங்களாக அந்த அக்கா வாசலில் பார்த்தால்கூட முகம் கொடுப்பதில்லை. காரணம் சேவல்கள். “கோழியை விற்கவும் மனசு வரலை, அக்காவை விட்டுக்கொடுக்கவும் மனசு வரலை. சேவலைக் கூவாம வச்சுக்க ஏதாவது வழி இருக்கா சொல்லுங்க” என்று முடிகிறது கடிதம்.

கேள்வி பதில் பகுதியில் நான்கு வரியில் சொல்லிவிட்டுப் போகக்கூடிய விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தையே அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

துறையூரைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவருவது எளிதில் பிடிபடும். ஒரு பக்கம் பச்சைமலை, ஊரை ஒட்டிப் பெருமாள் மலை, ஏரித் தண்ணீரில் விளைந்த நெல். வீடு, வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லையைத் தாண்டினால் வயல் என்றுதான் பழைய வீடுகள் இருந்தன. சேவல் கூவினால் அந்தச் சத்தம் கரைய இடம் இருந்தது. இன்று வயல் மனையாகி, சுவரும் சுவரும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கொல்லை நான்கடிச் சந்தாகச் சுருங்கிவிட்டது. கோழி வளர்க்கும் ஆசை மட்டும் சுருங்கவில்லை, சுருங்கவும் வேண்டாம். வீட்டுக்கு முட்டை, பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பு, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு என்று பெண்கள் கையில் நிற்கும் வருமானம் அது.

“பட்டணத்து ஆளுங்களுக்குத்தான் கோழிச் சத்தம் ஆகாது” என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. சேவலோடு மனிதர்களுக்கு உள்ள மனத்தாங்கல் மிகப் பழையது. குறுந்தொகையின் 107ஆம் பாட்டில், இனிய தூக்கத்தைக் கெடுத்த சேவலை, காட்டுப்பூனைக் குட்டிக்குப் பல நாள் இரையாகக் கிடந்து சாவாய் என்று ஒரு பெண் வைகிறாள். பாடியவர் மதுரைக் கண்ணனார். நம் திருச்சி உறையூருக்கோ கோழி என்றே ஒரு பெயர். யானையை எதிர்த்து ஒரு கோழி நின்ற இடம் என்று தலபுராணம் பேசுகிறது, வைணவர்கள் திருக்கோழி என்று கைகூப்புகிறார்கள். கொண்டாடியதும் நாம்தான், திட்டியதும் நாம்தான். தூக்கம் கெட்டவரின் கோபத்தை ஊருக்கு ஒவ்வாத கோபம் என்று தள்ளிவிட முடியாது.

உலகத்தில் இந்தச் சண்டை எங்கெங்கே எப்படி முடிந்தது என்று தேடிப் பார்த்தேன். மூன்று இடங்கள் மனதில் நிற்கின்றன.

பிரான்ஸின் மேற்குக் கரையில் ஒலெரோன் என்றொரு தீவு. அங்கே மொரீஸ் என்ற சேவல் விடியற்காலையில் கூவுகிறது என்று, விடுமுறைக்கு வந்து தங்கும் பக்கத்து வீட்டுத் தம்பதி வழக்குப் போட்டார்கள். 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் சேவலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் சேவலை வளர்த்தவருக்கு 1,000 யூரோ கொடுக்க வேண்டியதாயிற்று. மொரீஸ் அடுத்த ஆண்டே இறந்துபோனது. ஆனால் 2021 ஜனவரியில், கிராமப்புறத்தின் ஒலிகளும் மணங்களும் அந்த மண்ணின் மரபுச் செல்வம் என்று பிரான்ஸ் சட்டமே இயற்றிவிட்டது.

சிங்கப்பூரில் நேர்மாறாக நடந்தது. சின் மிங் வட்டாரத்தில் அடுக்குமாடிகளுக்கு இடையே திரிந்த கோழிகளின் சத்தம் பற்றிச் சுமார் 20 புகார்கள் வந்தன. 2017 தொடக்கத்தில் அரசின் வேளாண் உணவு, கால்நடை ஆணையம் 24 கோழிகளைப் பிடித்துக் கொன்றது. அங்கு வாழும் மக்களே கொதித்துப்போனார்கள், நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கும் நெஞ்சு கனத்தது.

மூன்றாவது நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தில் அடூரை அடுத்த பள்ளிக்கல். அதிகாலை மூன்று மணிக்கே சேவல் கூவத் தொடங்கிவிடுகிறது, தூங்க முடியவில்லை என்று ஒரு முதியவர் அடூர் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தார். அதிகாரிகள் இரண்டு தரப்பையும் கேட்டார்கள், இடத்தையும் வந்து பார்த்தார்கள். சேவல்கள் வீட்டின் மேல்தளத்தில் வளர்வது தெரிந்தது. 2025 பிப்ரவரியில் உத்தரவு வந்தது: கூண்டை மேல்தளத்திலிருந்து இறக்கி, வீட்டு மனையின் தென்புறத்துக்கு 14 நாளுக்குள் மாற்ற வேண்டும்.

என் மனம் பள்ளிக்கல் பக்கம்தான் சாய்கிறது. ஒலெரோனில் சேவல் வென்றது, சிங்கப்பூரில் புகார் வென்றது. பள்ளிக்கல்லில் கோழியும் உயிரோடு இருக்கிறது, பெரியவருக்கும் ஒரு வழி கிடைத்தது. துறையூர் சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான். சேவலின் தொண்டையில் கை வைக்காதீர்கள், கூண்டு நிற்கும் இடத்தில் கை வையுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் சேவலின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிம்முராவும் யோஷிமுராவும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சேவல்களை நாள் முழுக்க ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். விடியல் என்பதே தெரியாத அந்த அறையிலும் அவை ஏறக்குறைய அதே நேரத்துக்குக் கூவின. நேரம் சேவலின் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. வெளிச்சம் பட்டாலும், இன்னொரு சேவல் கூவினாலும் பதிலுக்குக் கூவும் என்பதும் உண்மைதான். அதற்கு மேல் ஒரு வரிசையும் இருக்கிறது. கூட்டத்தில் தலைமைச் சேவல் எதுவோ அதுதான் முதலில் கூவும், மற்றவை தங்கள் படிநிலைப்படி அடுத்தடுத்துக் கூவும் என்று அதே குழு 2015இல் காட்டியது. தலைமைச் சேவலை அப்புறப்படுத்தினால் இரண்டாவது சேவல் அந்த முதலிடத்தை எடுத்துக்கொள்ளும். ‘இந்தப் பெரிய சேவல்தான் கத்துது, இதை மட்டும் அடிச்சுட்டா சரியாயிடும்’ என்று நினைத்து அடித்துக் குழம்பு வைத்த வீடுகளில் மறுநாளும் சத்தம் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே முழுதாக வாயடைக்கும் வழி கிடையாது. சத்தத்தைக் குறைக்கலாம், தள்ளி வைக்கலாம், நேரத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம். அது போதும் என்பது என் நம்பிக்கை.

முதல் காரியம், சேவல்களின் எண்ணிக்கை. வாங்கி வளர்க்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். நாலைந்து மாதத்தில் ஒவ்வொன்றாகத் தொண்டை திறக்கும். பெட்டை முட்டையிடச் சேவலே தேவையில்லை. அடை வைத்துக் குஞ்சு பொரிக்க மட்டும்தான் வேண்டும், அதற்கும் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். பன்னிரண்டு பெட்டைக்கு மூன்று சேவல் என்பது ஒன்றுக்கொன்று எதிர்க்குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும் கணக்கு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும், காட்டுக்கொட்டாயில் குடியிருக்கும் உறவினர் யாருக்காவது கொடுத்துவிடலாம். துறையூரைச் சுற்றி அப்படி ஒரு சித்தப்பாவோ மாமாவோ இல்லாத குடும்பம் குறைவு.

அடுத்தது இடம். இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறோம். தன் வீட்டுக்கு நாற்றமும் சத்தமும் வரக்கூடாது என்று கூண்டை மனையின் கடைசி மூலையில், மதில் சுவரை ஒட்டி வைக்கிறோம். அந்த மூலை அடுத்த வீட்டுப் படுக்கையறைச் சன்னலுக்கு நேர் கீழே இருக்கும். இல்லாவிட்டால் மொட்டைமாடியில் வைக்கிறோம். அங்கே தடுப்பு எதுவும் கிடையாது, தெரு முழுக்கக் கேட்கும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். சன்னலிலிருந்து 3 மீட்டரில் இருக்கும் கூண்டை 12 மீட்டருக்குக் கொண்டுபோனால் 12 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானதுபோலத் தோன்றும். இடையில் உங்கள் வீட்டுச் சுவரும் வந்துவிட்டால் இன்னும் நல்லது. உங்கள் சொந்தப் படுக்கையறைப் பக்கமே கூண்டை வையுங்கள் என்பேன். வளர்ப்பவர் காதில் முதலில் விழட்டும்.

சத்தத்தின் அளவைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப், கென்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேவலின் காதருகே கருவி பொருத்தி அளந்தபோது 140 டெசிபலைத் தாண்டிய கூவல்கூட இருந்தது. அலகை முழுதாகத் திறக்கும்போது சேவலின் காதுத் துளை தானாக மூடிக்கொள்கிறது, அதனால் அதன் செவிக்குச் சேதமில்லை. நம் நாட்டின் ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வைத்திருக்கும் வரம்பு வெறும் 45 டெசிபல்.

கூண்டை எதைக் கொண்டு கட்டுகிறோம் என்பதும் முக்கியம். தகரக் கூண்டு சத்தத்தை அடக்காது, வெயிலில் அடுப்பாகவும் காயும். மூன்று பக்கம் செங்கல்லோ மண்சுவரோ எழுப்பி, மேலே கீற்று வேய்ந்து, உட்புறம் கோணிச் சாக்கு அடித்துவிட்டால் கணிசமாகக் குறையும். காற்றுப் போக்குக்கு வைக்கும் திறப்பு பக்கத்து வீட்டைப் பார்க்காமல் உங்கள் முற்றத்தைப் பார்க்கட்டும். சத்தத்துக்குப் பயந்து எல்லாத் துளைகளையும் அடைத்துவிடாதீர்கள். கோழிக்கு வியர்க்காது, அலகைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சித்திரை வைகாசி வெயிலில் காற்றில்லாத கூண்டில் விட்டால் செத்துக்கூடப் போகும்.

இருட்டும் உதவும். தெருவிளக்கு வெளிச்சம், திரும்பும் பைக்கின் முகப்பு விளக்கு, இதெல்லாம் நடுச்சாமத்தில் சேவலைக் கிளப்பிவிடும். அந்தப் பக்கம் ஒரு தட்டி போதும். உடம்புக்குள் ஓடும் நேரத்தை இருட்டு நிறுத்தாது, ஆனால் இரண்டு மணிக் கூவலும் மூன்று மணிக் கூவலும் குறையும். பூனை, கீரி, பாம்பு நுழைய முடியாதபடி அடைப்பு உறுதியாக இருந்தாலும் இரவில் பதறிக் கத்துவது குறையும். ஒரே ஒரு சேவல் என்றால் நம் பாட்டிமார்கள் செய்ததுபோல் இரவில் அதைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வீட்டுக்குள் வைத்துவிடலாம். விடிந்து ஊர் எழுந்தபிறகு வெளியே விட்டால் போதும்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சேவலின் கழுத்தில் பட்டை கட்டினால் கூவாது என்று வெளிநாடுகளில் விற்கிறார்கள், பார்த்துவிட்டு இங்கே ரப்பர் பட்டையும் துணிநாடாவும் கட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. கொஞ்சம் இறுகினாலும் மூச்சு முட்டும், தின்ற தீனி தீனிப்பையில் தங்கிவிடும். நிமிர முடியாத தாழ்வான பெட்டியில் நாளெல்லாம் அடைப்பதும் வதைதான். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இப்படிப்பட்ட கொடுமைகளைக் குற்றம் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன்.

இனி அந்த அக்காவைப் பற்றி. கடிதத்தில் ஒரு விவரம் என்னை நிறுத்தியது. அவர் மருத்துவமனையில் பெரும்பாலும் இரவுப் பணி பார்க்கிறாராம். அப்படியானால் அவர் வீட்டுக்கு வந்து கண்ணயரும் நேரம் காலை எட்டு, ஒன்பது மணி. விடியற்காலையில் சேவலை அடைத்துவைத்து, ஏழு மணிக்கு அவிழ்த்துவிட்டு, ‘நாம செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு’ என்று இவர் நினைத்தால், அந்த அக்காவுக்கு அது எந்த வகையிலும் உதவாது. அவருக்கு வேண்டியது முற்பகல் அமைதி. பணி மாறும் வாரத்தில் வேண்டியது விடியற்காலை அமைதியாக இருக்கும். பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வேறு நேரம், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேறு நேரம். கேட்காமல் இது தெரியவே தெரியாது.

ஆகவே சகோதரி, நீங்கள்தான் முதலில் போக வேண்டும். சத்தம் உங்கள் வீட்டிலிருந்து போகிறது, பேச்சும் அங்கிருந்தே போகட்டும். ‘அக்கா, இந்த வாரம் உங்களுக்கு எந்த ஷிஃப்ட், எப்போ தூங்குவீங்க, அந்த நேரம் சேவலை அந்தப் பக்கம் அடைச்சுடறேன்’ என்று கேளுங்கள். கூண்டை எங்கே வைத்தால் அவருக்குக் கேட்காது என்று அவரையே அவர் வீட்டுச் சன்னலருகே நிற்கச் சொல்லிப் பாருங்கள். சேவலைப் பற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முட்டையோடு போய் நிற்பதைவிட இது மேல்.

அந்த அக்கா இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கும் ஒரு சொல். முகத்தைத் திருப்பிக்கொண்டால் சேவலுக்கும் தெரியாது, வளர்ப்பவருக்கும் முழுதாகத் தெரியாது. எந்த நேரம் தாங்க முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனு கொடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவில் இருக்கிறது. துறையூர்க்காரர்கள் அதற்கு முசிறி கோட்டாட்சியர் அலுவலகம்வரை போக வேண்டும். நாற்பதடி தூரத்துக்குக் கூண்டை நகர்த்தினால் தீரக்கூடிய விஷயத்துக்கு அத்தனை தூரம் எதற்கு?

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சின்ன மனையில் கோழி வளர்ப்பவர்கள் தங்கள் கூண்டை எந்தத் திசையில் வைத்திருக்கிறார்கள், எதைக் கொண்டு கட்டினார்கள், நீளம் அகலம் உயரம் எவ்வளவு, செலவு என்ன ஆயிற்று என்று எழுதி அனுப்புங்கள். கையால் வரைந்த படம் இருந்தால் இன்னும் மகிழ்ச்சி. சேவல் வளர்க்கும் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களும் எழுதலாம், அவர்கள் கடிதங்களை முதலில் அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்